சேர்ந்தவர் கணக்கும் முடித்தவர் கணக்கும்

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, 1610 நவம்பரில் எழுதிய மடலொன்றில், இந்நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் உயர்கல்வி பயின்று வந்தனர் எனக் குறித்திருக்கிறார். மதுரையின் பழம்பெருமை பேசுவோர் இவ்வெண்ணைத் தவறாமல் எடுத்துரைப்பர். ஆயின் அதே மடலில், எண்ணிக்கையைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. விசயநகர வேந்தரும் மதுரை நாயக்கரும் ஏற்படுத்திய அறக்கட்டளைகள், படிப்புக் காலம் முழுவதும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உணவும் உடையும் பிற தேவைகளும் வழங்கி வந்தன என்பதே அது. அம்மாணவர் அனைவரும் பிராமணர். ஏனையோருக்கு அக்கல்வி அடைத்த கதவாகவே இருந்தது. இதை மறைப்பதற்கில்லை. எனினும், மாணவனைச் சேர்ப்பது வேறு, அவனைப் படிப்பு முடியுமட்டும் இருத்தி வைப்பது வேறு என்பதையும், பின்னதற்குச் சோறு வேண்டும் என்பதையும் அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

இந்த அறிவு பின்னர் நமக்கு மங்கிப் போயிற்று என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் கல்லூரி என்பது தேர்வினால் அளக்கப்படும் இடமாயிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார்; அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நடத்திய செமினரியில் பயின்றவர்கள். அந்த மிஷனிலிருந்தே 1834இல் ஒரு கிளை மதுரைக்கு வந்தது. அக்கிளையார் பசுமலையில் வளர்த்த கல்விக்கூடம் 1881இல் இரண்டாந்தரக் கல்லூரியாயிற்று. இரண்டாந்தரம் என்றவுடன் மட்டமானது என்று கொள்ளலாகாது. எஃப்.ஏ. வகுப்போடு அங்கே படிப்பு நின்றுவிடும் என்பதே அதன் பொருள். மேலே பி.ஏ. பயில விரும்பியவன் சென்னைக்கோ, 1883இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பெயர்ந்த புனித சூசையப்பர் கல்லூரிக்கோ ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. வசதியற்றவன் பாதியில் நின்றான். அவனுடைய நிறுத்தம் கல்லூரியின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. அக்கல்லூரி 1904இல் மதுரை நகருக்கு இடம்பெயர்ந்து, பின் தல்லாகுளத்தில் அமெரிக்கன் கல்லூரியாக நிலைபெற்ற பிறகே அக்குறை நீங்கத் தொடங்கிற்று.

'பி.ஏ. பெயில்' என்பதை இன்று நாம் நகைச்சுவையாகச் சொல்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் அது நகைப்புக்குரியதன்று. பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டோர் உண்டு. அதைத் தகுதியாகக் கொண்டு வேலை தந்தோரும் உண்டு. கல்லூரி வாசலை மிதித்ததே அக்காலத்தில் ஒரு சிறப்பாயிருந்தது. அவன் ஏன் முடிக்கவில்லை என்று எவரும் வினவவில்லை.

வினவ வேண்டிய தேவை மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையில் எழுந்தது. அந்நிலப்பகுதியின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்தல் நலம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குயில்குடியில் பிறமலைக் கள்ளர் மீது முதலில் ஏவப்பட்டு, பின்னர் அச்சமூகம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. ஆடவர் விரல் ரேகை பதிக்க வேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்; அனுமதிச் சீட்டின்றி ஊர் கடத்தலாகாது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் பல மாய்ந்தன. அதே காலத்தில்தான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் தோன்றின. ஒரு கையில் ரேகைப் பதிவேடு, மறு கையில் பள்ளிப் பதிவேடு என்று அரசு அம்மக்களை அணுகிற்று. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது.

அதற்குச் சரியாக 23 ஆண்டுகள் கழித்து, 1970இல், இயேசு சபையார் கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரியைத் தொடங்கினர். 1693இல் ஓரியூரில் தலைவெட்டுண்ட புனித அருளானந்தரின் பெயரே அதற்கு இடப்பட்டது. தந்தையோ பாட்டனோ காவல் நிலையத்துப் பதிவேட்டில் ரேகை வைத்த குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரிப் பதிவேட்டில் கையொப்பமிடும் காலம் இவ்வாறு வந்தது. 23 ஆண்டு என்பது ஒரு தலைமுறைகூட ஆகாது. இதை மனத்திற்கொள்ளாமல் சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் தேர்ச்சி விழுக்காட்டை நகரக் கல்லூரியின் விழுக்காட்டோடு ஒப்பிடுவது நேர்மையாகாது.

அக்காலச் சிற்றூர் மாணவன் பதினொன்றாம் வகுப்புவரை தமிழில் பயின்றவன். புகுமுக வகுப்பில் காலடி வைத்ததும் வேதியியலும் பொருளியலும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். ஓராண்டுக்குள் அதைத் தாண்ட வேண்டும். தாண்டிப் பட்ட வகுப்புக்கு வந்தால், முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம் என மூன்றிலும் தேறியாக வேண்டும். தமிழிலும் முதன்மைப் பாடத்திலும் நன்கு தேறி, இரண்டாம் பகுதி ஒன்றினாலேயே பட்டம் பெறாது போனவர் நம் உறவினரிடையே ஒருவரேனும் இருப்பார். செப்டம்பர், ஏப்ரல், மீண்டும் செப்டம்பர் என்று தேர்வுக் கட்டணம் கட்டிக் கட்டி, ஒரு கட்டத்தில் கட்டுவதை நிறுத்தியிருப்பார். அவர் தோல்வியுற்றார் என்று எந்த ஏடும் சொல்லாது. 'அரியர்' வைத்திருக்கிறார் என்றே ஆயுள் முழுவதும் சொல்லப்படும்.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்து புகுமுக வகுப்பு ஒழிந்தபோது கல்லூரிகளின் கணக்கு ஓரளவு சீர்பட்டது போலத் தோன்றிற்று. உண்மையில் இழப்பின் ஒரு பகுதி பள்ளிக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் அமெரிக்கன் கல்லூரி போன்ற சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சியும் கிட்டிற்று. பருவமுறைத் தேர்வு, அகமதிப்பீடு, தாமே வகுத்துக்கொள்ளும் பாடத்திட்டம் ஆகியவை வந்தன. மாணவன் இடறுவதை ஆண்டிறுதியில் அன்றி ஆறாம் வாரத்திலேயே ஆசிரியர் காண இயலும் என்பது தன்னாட்சியின் பெரும்பயன் என்பேன். கருமாத்தூர்க் கல்லூரி ஊரக வளர்ச்சி அறிவியல் என்றொரு பட்டப்படிப்பை நடத்தியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தன் ஊரின் கண்மாயும் கிணறும் பாடமாக வரும்போது, மாணவன் வகுப்பறையில் அந்நியனாக அமர்ந்திருப்பதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் எழுதிய ஆய்வில் ஏறத்தாழ இதையே வேறு மொழியில் சொன்னார். மாணவர் அறிவுக் குறைவினால் மட்டும் விலகுவதில்லை. வகுப்பிலும் தோழமையிலும் தமக்கோர் இடம் இல்லை என உணரும்போது விலகுகின்றனர் என்பது அவர் கருத்து. நம் பகுதிக்கு இது பாதி உண்மை. மறுபாதி, தத்துவ போதகர் குறித்த உணவும் உடையும். மழை பொய்த்த ஆண்டில் திருப்பூருக்கோ வடமாநில முறுக்குக் கம்பெனிக்கோ போகும் பிள்ளைக்கு, வகுப்பில் தோழமை குறைவு என்பது காரணமன்று.

மகளிர் நிலை தனியே எழுதத்தக்கது. இங்கே சில வரிகளே. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கும்வரை மதுரையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி இல்லை. 1953இல் லியோன்ஸ் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் பாத்திமா கல்லூரியை நிறுவினர். ஆண்பிள்ளை அரியரால் நின்றான் எனில், பெண்பிள்ளை பெரும்பாலும் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டாள்: மாப்பிள்ளை அமைந்துவிட்டது, பேருந்து நேரத்துக்கு வரவில்லை, தம்பிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குப் பட்டம் முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் தொடர்ந்தது. நாயக்கர் காலத்து அறக்கட்டளை, சாதிக் கதவு திறந்து, மீண்டும் வந்தது எனக் கொள்ளலாமோ?

இனிக் கணக்கிற்கு வருவோம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பெருமைக்குரியதுதான். ஆயினும் இது படித்துக்கொண்டிருப்போர் கணக்கு, முடித்தவர் கணக்கன்று. கல்லூரிகள் வெளியிடும் தேர்ச்சி விழுக்காடோ, இறுதியாண்டுத் தேர்வு எழுதியோரை வைத்துக் கணக்கிடப்படுவது. ஒரு வகுப்பில் 60 பேர் சேர்ந்து, 42 பேர் இறுதித் தேர்வு எழுதி, 38 பேர் தேறினர் என வைத்துக்கொள்வோம். தேர்ச்சி 90 விழுக்காடு என்று ஆண்டு விழா அறிக்கையில் அச்சேறும், கைதட்டலும் கிடைக்கும். சேர்ந்த அறுபதின்மரை வைத்துப் பார்த்தால் 63தான். இடையில் நின்ற 18 பேர் பின்னத்தின் பகுதியிலிருந்தே அழிக்கப்பட்டுவிட்டனர். இதில் பொய்யேதும் இல்லை என்பதே இதன் தொல்லை.

அமெரிக்காவில் 1990இல் இயற்றிய சட்டம் ஒன்று, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில், அல்லது அதன் ஒன்றரை மடங்குக் காலத்தில், பட்டம் பெற்றனர் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தாலேயே அங்கு மாணவர் நின்றுவிட்டனர் என்று சொல்ல வரவில்லை. யார் போனார் என்றாவது தெரிகிறது.

நம் கல்லூரிகளுக்கு இதற்கெனப் புதிய சட்டம் தேவையில்லை. சேர்க்கைப் பதிவேடும், மூன்றாண்டு கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பட்டம் பெறுவோர் பட்டியலும் ஒரே அலுவலகத்தில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, பட்டியலில் இல்லாத பெயர்களை ஒரு தாளில் எழுத எழுத்தர் ஒருவருக்கு ஒருநாள் பிடிக்கும். அத்தாளோடு உசிலம்பட்டி, செக்கானூரணிப் பேருந்தில் ஏறி, அந்த வீடுகளின் வாசலில் போய் நின்று கேட்பதற்குத்தான் சில வாரங்கள் ஆகும்.