இலவசக் கல்வியும் சர்வகலாசாலை வாயிலும்

இன்று நம் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும்போது பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கமே கொடுக்கின்றது. அரசாங்க சர்வகலாசாலையில் முதற் பட்டத்துக்குப் படிப்பவரிடமும் போதனைக் கட்டணம் கேட்பாரில்லை. பிறவியோடு வந்த உரிமை போல இது இளைஞர்க்குத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் இவ்வுரிமைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. அது 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதியாகும்.

அதற்கு முன்னிருந்த நிலையை முதியோரிடங் கேட்டறியலாம். அக்காலத்தில் இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. தாய்மொழிப் பாடசாலையிற் கட்டணமில்லை. ஆனால் அங்கு படித்து முடித்தவனுக்கு ஆசிரியத் தொழிலுக்கு மேல் வழி திறப்பது அரிது. ஆங்கிலப் பாடசாலையிலோ கட்டணம் உண்டு. அங்கே படித்தவனுக்குத்தான் இலிகிதர் உத்தியோகமும், வைத்தியக் கல்லூரியும், சட்டக் கல்லூரியும். ஆகவே ஒரு பிள்ளையின் தலைவிதி, அவன் அறிவை நோக்கியன்றித் தந்தையின் மடியை நோக்கியே எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூர்மையாக உறைத்தது. ஆறில்லாத குடாநாடு, துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவிக்கும் துண்டு நிலங்கள், அவையும் தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து சிறுத்தவை. கொழும்பிலும் மலாயாவிலும் இருந்து வரும் மணியோடரே பல குடும்பங்களின் விளைச்சல். அந்த மணியோடருக்கு விதை ஆங்கிலப் படிப்பு. அதற்காகக் காணியை ஈடு வைத்த தந்தையரும், தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த தாய்மாரும் எத்தனை பேர்! ஈடு வைக்க ஒன்றுமில்லாதவர் வீட்டுப் பிள்ளை எங்கே போனான் என்று அன்று கேட்டவர் சிலரே.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தோடு சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்கு வந்தபின் வாக்காளரின் பிள்ளைகளை மறத்தல் எளிதன்று. அரசாங்க சபையின் கல்வி மந்திரியாக அவ்வாண்டிலேயே அமர்ந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1947 வரை அப்பதவியில் இருந்தார். அவர் தலைமையில் 1940இல் நியமிக்கப்பட்ட விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமில்லாக் கல்வி என்பதும், தாய்மொழியே போதனாமொழியாக வேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் சாரம். 1944இல் சபையில் நீண்ட விவாதம் நடந்தது. பணம் எங்கிருந்து வரும் என்றார் சிலர். தம் பாடசாலைகளின் சுதந்திரம் போய்விடும் என்று அஞ்சினர் மதச் சார்புள்ள முகாமையாளர் பலர். யுத்தம் முடிந்த அதே ஆண்டில், நாடு சுதந்திரமடைய இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கையில், திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இத்தனை செய்த கன்னங்கரா 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மத்துகமத் தொகுதியிலே தோற்றுப்போனார். இலவசக் கல்வியின் தந்தை என்று ஊர்தோறும் சிலை வைப்பது பின்னர் வந்த பழக்கம்.

அவர் செய்தவற்றுள் நாம் மிகப் பெரிதாக மதிப்பது கட்டண ஒழிப்பை அன்று, மத்திய வித்தியாலயங்களையே. கட்டணத்தை நீக்குதல் ஒரு கையெழுத்தில் முடியும். நல்ல பாடசாலை கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாண நகரிலும் மட்டும் இருந்தால், கட்டணமில்லாமை பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு என்ன பயன் தரும்? ஆகவே நாட்டின் பல பாகங்களிலும் ஆய்கூடமும் விடுதியும் கொண்ட பெரிய பாடசாலைகளை அமைத்து, ஐந்தாம் வகுப்புப் பரீட்சையாற் கெட்டிக்காரரைத் தெரிந்து, உபகாரச் சம்பளங் கொடுத்து அங்கே அனுப்பினர். இவ்வாறு எழுந்தவை 54 என்பர். பிரதேச அபிவிருத்தி என்று இந்நாளில் மேடைதோறும் பேசப்படுவது இதுவே: பிள்ளையை நகரத்துக்கு இழுக்காமல், நகரத்துப் பாடசாலையைப் பிள்ளையின் பக்கத்துக்குக் கொண்டுபோதல். அந்த வேலை அதே வேகத்தோடு தொடர்ந்திருக்குமாயின், பிற்காலத்தில் நாம் பட்ட மனக்கசப்பிற் பாதி இல்லாமற் போயிருக்கும் என்பது எமது துணிபு.

இனிச் சர்வகலாசாலையைப் பார்ப்போம். இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் 1906இலேயே சங்கம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர். 1921இற் கிடைத்தது இலண்டன் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்யும் ஒரு கல்லூரி மாத்திரமே. அது வைத்தியக் கல்லூரியோடு இணைந்து 1942இல் இலங்கைச் சர்வகலாசாலையாயிற்று. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். தொடக்கத்தில் மாணவர் தொகை 904. பத்தாண்டின் பின் பேராதனையில் மகாவலிக் கரையில் அழகிய விடுதிகளோடு அது குடியேறியது. இத்தனை பெரிய நாட்டுக்கு இத்தனை சிறிய கூடம். கட்டணம் ஒழிந்தது, ஆனால் வாயில் அகலவில்லை. முன்னர் பணத்தாற் பிரிக்கப்பட்டவர் இப்பொழுது இடத்தாற் பிரிக்கப்பட்டனர். இதனை மனத்திற் கொள்ளாமல் அடுத்த முப்பது ஆண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

1959இல் வித்தியோதயா, வித்தியாலங்காரா ஆகிய இரண்டும் சர்வகலாசாலைகளாயின. 1960 முதல் கலைப்பாடங்களுக்குத் தாய்மொழியிற் கற்றவர்களும் புகுந்தனர். அறுபதுகளின் நடுவில் மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிற்று. பெருகியவர் பெரும்பாலும் கலைப்பிரிவினர். கலைப் பட்டதாரிக்குக் காத்திருந்ததோ அரசாங்க உத்தியோகம் ஒன்றே. வைத்தியம், பொறியியல் இடங்கள் மட்டும் எண்ணக்கூடிய சிலவாகவே நின்றன. கல்வியைப் பரப்பிய கை, தொழிலைப் பரப்பவில்லை. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை என வடகிழக்குக்குக் கிடைத்தவை நல்ல தொடக்கமே, தொடக்கத்தோடு நின்றுவிட்டன. முதலிரண்டும் யுத்த காலத்தில் மூடுண்டன. தெற்கிலும் வேலையில்லாப் படித்த வாலிபரின் கோபம் 1971 ஏப்ரலில் வெடித்தது.

அந்தக் காலத்திலேதான் தரப்படுத்தல் வந்தது. 1969-70இல் பொறியியல், வைத்திய இடங்களில் ஏறக்குறையப் பாதி தமிழ் மாணவருக்குக் கிடைத்திருந்தது. அடுத்த அனுமதிக்கு வைத்தியத்துக்கு 400இல் 250 புள்ளி தமிழ்மொழி மூலம் எழுதியவர்க்கும், 229 சிங்களமொழி மூலம் எழுதியவர்க்கும் எல்லையாக வைக்கப்பட்டன. ஒரே ஆய்கூடத்தில், ஒரே நகரத்தில் படித்த இருவருக்கு மொழியினால் இரு எல்லைகள்! வசதியற்றவனைக் கைதூக்கல் என்று இதனை நியாயப்படுத்தல் இயலாது. கொழும்பிலுள்ள பெரிய கல்லூரி மாணவனுக்கும் அச்சலுகை கிடைத்தது. முல்லைத்தீவுத் தமிழ் மாணவனுக்குக் கிடைக்கவில்லை. அன்று பரீட்சை எழுதி வீட்டிலிருந்த இளைஞரின் நெஞ்சிற் பட்ட காயம் இந்நாட்டின் அரசியலையே மாற்றியதென்பது யாவரும் அறிந்தது.

ஆனால் 1974இல் புகுந்த மாவட்டப் பங்கீடு வேறொரு விஷயம். இவ்விரண்டையும் ஒன்றாகவே திட்டுவது எம்மவரிடை வழக்கமாகிவிட்டது. இரண்டாலும் யாழ்ப்பாண மாவட்டம் இழந்தது உண்மை. பொறியியலில் தமிழரின் பங்கு சில ஆண்டிலேயே வெகுவாகச் சுருங்கிற்று. எனினும் மாவட்டப் பங்கீட்டினால் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலுமிருந்து, முன்னர் ஒருவர் தானும் செல்லாத பீடங்களுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சென்றனர். அவர்களும் எம்மவரே. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளுக்கு நூறாண்டு முன்னரே மிஷனரிமாரும் நாவலர் வழிவந்த சைவப் பெருமக்களும் அடித்தளம் இட்டனர். அத்தகைய பேறு வன்னிக்குக் கிடைத்ததில்லை. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ளாது திறமை, திறமை என்று மட்டும் பேசுதல் நேர்மையாகாது. குடாநாட்டுக்குள்ளேயே சாதியின் பெயரால் சக பிள்ளையோடு சம ஆசனத்தில் இருத்த மறுத்த பாடசாலைகள் இருந்ததையும் நாம் மறத்தலாகாது. எமது கண்டனம் ஒன்றுண்டு: பத்தாண்டு ஆய்கூடங் கொடாமல் விட்ட மாவட்டத்துக்குப் பரீட்சை முடிந்த பின் புள்ளியைக் குறைத்துக் கொடுப்பது, பயிருக்கு நீர் விடாமல் அறுவடை நாளிற் படிமரக்காலை மாற்றுவது போன்றது.

முறை பலமுறை மாறிற்று. எழுபதுகளின் இறுதியில் மொழிவாரித் தரப்படுத்தல் நீங்கி, 30 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டக் குடிசனத்தொகை, 15 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்றாயிற்று. பின்னர் அது பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40, 55, 5 ஆயிற்று. இந்த 5 வீதத்துக்குரிய பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறு என வகுக்கப்பட்டன. அப்பட்டியலில் யாழ்ப்பாணமும் ஒன்று! ஒரு காலத்தில் அளவுக்கு மேல் முன்னேறியது என்று பின்னுக்குத் தள்ளப்பட்ட மாவட்டம், பின்னொரு காலத்தில் பின்தங்கியது என்று தாங்கப்பட்டது. இடையில் யுத்தமும், இடப்பெயர்வும், ஆசிரியர் நாடு விட்டுப் போனமையும் நிகழ்ந்தன. அச்சலுகையை வேண்டாமென்று எம்மில் எவரும் திருப்பிக் கொடுத்ததாக நாம் அறியோம்.

சர்வகலாசாலையை மாவட்டத்துக்குக் கொண்டுவரும் முயற்சியும் இதற்கிடையே நடந்தது. 1974 ஒக்டோபரில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவர். திருகோணமலையிலேயே தமிழ்ச் சர்வகலாசாலை வேண்டும் என்று நின்றவர்கள் அன்று கறுப்புக் கொடி காட்டினர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வளாகம் நிலைத்தது. 1979இற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்த காலத்திலும் விளக்கணையாமல் இருந்தது. மட்டக்களப்பில் 1981இற் தொடங்கிய கல்லூரி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒலுவில் வந்தது, வவுனியா 2021இற் தனித்து நின்றது. யாழ்ப்பாணத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தமை எமக்கு மிக்க மகிழ்ச்சி தருவது. இரணைமடு நீர் பாயும் மண்ணில் விவசாயம் படிப்பிப்பதைவிடப் பொருத்தமானது யாது?

செலவைக் குறைக்கும் வழிகளும் செய்யப்பட்டன. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாபொல நம்பிக்கை நிதியம் ஏற்பட்டு, வறிய மாணவர்க்கு மாதந்தோறும் உதவுகின்றது. இருந்தும் உயர்தரத்திற் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இடங் கிடைக்கின்றது. அந்த ஒருவராக வருவதற்கு ரியூற்றறி, ரியூற்றறியாக ஓடவேண்டியிருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு. 1945இல் முன்வாயிலால் வெளியேற்றிய காசு, பின்வாயிலால் உள்ளே வந்து வாங்கிலில் உட்கார்ந்துவிட்டது.

மலையகத்தைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரையை முடித்தல் ஆகாது. 1945இற் பிறந்த உரிமை தேயிலைத் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. மூன்றாண்டு கழித்து அம்மக்களின் பிரசாவுரிமையே பறிபோயிற்று. ஓராசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே கொட்டகையிற் பார்க்கும் தோட்டப் பாடசாலைகள், எழுபதுகளின் பிற்பகுதி முதலே அரசாங்கத்தின் கைக்கு முறையாக வந்தன. நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு முப்பதாண்டுக்கு முன் கிடைத்தது அங்கே அப்பொழுதுதான் தொடங்கிற்று. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலை அங்கு இன்னும் மிகக் குறைவு. நுவரெலியா மாவட்டமும் அப்பதினாறில் ஒன்று. அம்மாவட்டத்துக்குரிய இடங்களைப் பெறவென்றே வெளிமாவட்டங்களிலிருந்து, எம்மவர் வீடுகளிலிருந்துந்தான், பிள்ளைகளைக் கொண்டுபோய் அங்கே பரீட்சை எழுத வைத்தோர் உண்டு. இதனாலேயே பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டு எங்கே படித்தான் என்று பார்த்து மாவட்டத்தை நிச்சயிக்கும் விதி இருக்கின்றது. விதிக்கும் வழி கண்டுபிடிப்பவர் இருக்கின்றனர். தரப்படுத்தலின் கொடுமையை மேடையிற் கண்ணீரோடு பேசும் வாயும், ஹற்றனில் ஒரு விலாசத்தைத் தேடும் வாயும் சில வேளை ஒன்றாயிருக்கக் காண்கிறோம். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் பிள்ளை, தன் மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடத்துக்கும் யாழ்ப்பாணத்து ரியூற்றறியில் ஆயத்தமான பிள்ளையோடு போட்டியிட நேர்கின்றது.