மோட்டன் உயர்நிலைப் பள்ளியும் பூட்டப்பட்ட ஐந்தாண்டுகளும்

இந்திய நகரங்களில் 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயர்ப் பலகை பெரும்பாலும் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளின் வாயிலில்தான் தொங்குகிறது. அமெரிக்காவிலோ அச்சொல் மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் கட்டணமில்லாப் பள்ளியைக் குறிக்கும். அந்தப் 'பொது' என்பதற்குள் யார் அடங்குவர், அதன் செலவை யார் ஏற்பர் என்னும் கேள்விகளை வர்ஜீனியா மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 1951இல் எழுப்பினர். அவர்கள் தொடங்கிய வழக்கு வென்றது. ஆனால் அவர்களுக்குப் பின் வந்த பிள்ளைகள் பள்ளியையே இழந்தனர். 1954ஆம் ஆண்டின் 'பிரவுன்' தீர்ப்பை வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் ஈட்டிய வெற்றியாக மட்டும் படிக்கும்போது, இந்த வரலாறு நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியின் (நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாக அலகு) தலைமை ஊர் ஃபார்ம்வில். அங்கே கறுப்பின மாணவர்களுக்கென 1939இல் கட்டப்பட்டது ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அக்கட்டடத்தில் 1950 வாக்கில் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். உடற்பயிற்சிக் கூடம், உணவுக்கூடம், அறிவியல் ஆய்வகம் எதுவும் இல்லை. இடநெருக்கடிக்குத் தீர்வாகக் கவுன்ட்டி எழுப்பித் தந்தவை, தார்த்தாள் போர்த்திய தற்காலிகக் கொட்டகைகள். மழையில் அவை ஒழுகின. குளிர்காலத்தில் அடுப்பருகே அமர்ந்தவர் வெந்தனர், தொலைவில் அமர்ந்தவர் நடுங்கினர். அதே ஊரின் வெள்ளையர் பள்ளியில் இவ்வசதிகள் அனைத்தும் இருந்தன. 1896ஆம் ஆண்டின் 'பிளெஸ்ஸி' தீர்ப்பு நிலைநாட்டிய 'பிரிந்திருந்தாலும் சமமே' என்னும் கோட்பாடு நடைமுறையில் எப்படியிருந்தது என்பதற்கு இக்கொட்டகைகளே சான்று.

பெற்றோர் கல்விக் குழுவிடம் முறையிட்டும் வாக்குறுதிகளே கிடைத்தன. அந்நிலையில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி சில தோழர்களுடன் இரகசியமாகத் திட்டம் வகுத்தார். 1951 ஏப்ரல் 23 அன்று, மாணவர்கள் சிலர் பேருந்து நிலையத்தில் சிக்கலில் இருப்பதாக ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பு பள்ளி முதல்வரை வெளியே அனுப்பியது. முதல்வர் கூட்டம் அழைப்பதாக வகுப்புகளுக்குச் சீட்டுகள் சென்றன. அரங்கில் கூடியவர்கள் மேடையில் கண்டது முதல்வரை அல்ல, பார்பராவை. ஆசிரியர்களை வெளியேறுமாறு கேட்டுக்கொண்ட அவர், புதிய பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்குத் திரும்பக் கூடாது என்று பேசினார். பள்ளி முழுவதும் வெளிநடப்புச் செய்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டுமே. அவர்களின் கடிதத்தைக் கண்டு வந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகிய வழக்கறிஞர்கள், நிறப் பிரிவினையையே எதிர்ப்பதானால்தான் வழக்கை ஏற்க முடியும் என்றனர். மாணவர்களும் பெற்றோரும் இசைந்தனர். மே 23 அன்று 117 மாணவர்களின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 'பிரவுன்' தீர்ப்பில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் மாணவர் போராட்டத்திலிருந்து முளைத்தது இது ஒன்றே. இதற்கான விலையும் உடனே கேட்கப்பட்டது. முதல்வர் பணியை இழந்தார். பாதுகாப்புக் கருதி பார்பரா அலபாமாவின் மான்ட்கோமரியில் இருந்த தம் உறவினர் வெர்னான் ஜான்ஸிடம் அனுப்பப்பட்டார். 1953இல் கறுப்பின மாணவர்களுக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது; பிரிவினை மட்டும் அப்படியே நின்றது.

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. ஆனால் 1955இல் வந்த இரண்டாம் தீர்ப்பு காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. அந்த இடைவெளியில் வர்ஜீனியாவின் அரசியல் தலைமை 'பெரும் எதிர்ப்பு' என்ற கொள்கையை வகுத்தது. இணைந்து படிக்க வேண்டும் என்ற ஆணை இனித் தவிர்க்க முடியாததாக ஆனபோது, 1959இல் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியின் நிர்வாகக் குழு பள்ளிகளுக்கென வரி விதிக்கவே மறுத்தது. கவுன்ட்டியின் பொதுப்பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்கென ஒரு தனியார் பள்ளி எழுந்தது. மாநில உதவித்தொகையும் வரிச்சலுகையும் அதைத் தாங்கின.

ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் வகுப்பறையின்றி நின்றனர். சிலர் உறவினர் வீடுகளுக்கும், குவேக்கர் அமைப்பொன்றின் ஏற்பாட்டில் பிற மாநிலக் குடும்பங்களுக்கும் சென்று படித்தனர். தேவாலயங்களின் அடித்தளங்களில் சிறு பயிற்சி மையங்கள் நடந்தன. பலர் படிப்பை நிரந்தரமாக விட்டனர். 1963இல் தனியார் நிதியில் தற்காலிக இலவசப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1964 மே 25 அன்று 'கிரிஃபின்' வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளிகளை மூடிவிட்டுப் பிரிவினைத் தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் தருவது சமப் பாதுகாப்பை மறுப்பதாகும் என்றது. பள்ளிகளைத் திறக்கத் தேவையான வரியை விதிக்குமாறு கவுன்ட்டிக்கு ஆணையிடவும் கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அது 1951இல் மாணவர்கள் தொடங்கிய அதே வழக்கின் தொடர்ச்சிதான்.

இவ்வரலாற்றில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மாணவர் சமூகம் இங்கே சீர்திருத்தத்தின் பயனாளி அன்று, அதைத் தொடங்கிய தரப்பு. பெரியவர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தபோது, தம் வகுப்பறையின் நிலையைத் தாமே அரசியல் கேள்வியாக மாற்றியவர்கள் அவர்கள். இரண்டாவது, பாகுபாடு சட்டத்தில் தோற்ற பின்னும் வரவுசெலவுத் திட்டத்தில் உயிர்வாழ முடியும். பிரிவினையைக் காப்பதற்காகப் பொதுப்பள்ளி என்ற நிறுவனத்தையே கைவிட ஒரு சமூகம் தயாராக இருந்தது. யாரையும் பெயர் சொல்லி விலக்காமலே, நிதியை நிறுத்துவதன்மூலம் விலக்க அதனால் இயன்றது.

1964 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது அவற்றுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினப் பிள்ளைகளே. தனியார் பள்ளியில் குடியேறிய வெள்ளையர் உடனே திரும்பவில்லை. கல்வி இழந்தவர்களுக்கென வர்ஜீனியா மாநிலம் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை 2004இல் ஏற்படுத்தியபோது, அப்பிள்ளைகள் நடுவயதைக் கடந்திருந்தனர். பழைய மோட்டன் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

கல்வியுரிமை பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் சட்டப் பிரிவுகளிலும் தீர்ப்புகளிலும் நின்றுவிடுகின்றன. ஃபார்ம்வில்லின் ஐந்தாண்டுகள் வேறொரு ஆவணத்தையும் படிக்கச் சொல்கின்றன: யாருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு யார் வரி கொடுக்க இசைகிறார்கள் என்பதைக் காட்டும் உள்ளாட்சிக் கணக்குப் புத்தகம். பொதுப்பள்ளியின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்கள் அதிலிருந்தும் தொடங்கலாம்.