கணக்கு முடித்தவரே கணக்கெழுதலாம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குடவோலையைத் தேடித்தான் வருகிறார்கள். செங்கல்பட்டுக்கு மேற்கே உள்ள இந்த ஊர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், கி.பி. 919லும் 921லும், ஊர்ச் சபை எடுத்த முடிவுகள் இங்கே கல்லில் நிற்கின்றன. முப்பது குடும்பு, பெயர் எழுதிய ஓலை, குடத்தில் கைவிட்டு எடுக்கும் சிறுவன் எல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அதோடு பலர் நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் 921ஆம் ஆண்டுச் சாசனம் தேர்தலோடு நிற்கவில்லை. இறுதியை நெருங்கும்போது ஊர்க்கணக்கு எழுதுகிறவர் பக்கம் திரும்புகிறது.

அங்கே சொல்லப்படும் விதிகள் மூன்று நான்கு வரிக்குள் அடங்கிவிடும். மத்தியஸ்தரும், பொருள் விஷயத்தில் கை சுத்தமானவருமே கணக்கு எழுதலாம். ஒருமுறை எழுதியவர், தம் கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி 'சுத்தன்' என்று ஆன பிறகுதான் மறுபடி கணக்கில் 'புக' முடியும். தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் நடுவில் நுழைந்து அதை 'ஒடுக்க'க் கூடாது, அதாவது முடித்துவைக்கக் கூடாது.

கடைசி விதியின் அருமை சம்பளப் பிரிவில் வேலை செய்தவர்களுக்குச் சட்டென்று புரியும். போனவர் பாதியில் விட்ட பட்டியலைப் புதிதாக வந்தவர் முடிக்கும்போது, பிழை யாருடையது என்பதே தெரியாமல் போகும். எவருடைய பிடித்தம் விட்டுப்போனது, எவருக்கு இரண்டு முறை போனது என்று கேட்டால் இருவரும் கை விரிப்பார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டுகொண்டு கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

வாரிய உறுப்பினர்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவரோடு தாய்வழி, தந்தைவழி உறவினர்களின் நீண்ட வரிசையும் விலக்கப்பட்டது. வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு என்று தகுதிகள் தனி. இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. விதி எவ்வளவு நேர்த்தியானதோ, அதன் வாசல் அவ்வளவு குறுகலானது.

உத்திரமேரூரின் மற்றொரு கல்வெட்டில் கணக்கருக்கான ஊதியம் வருகிறது: நாள்தோறும் நெல், ஆண்டுக்குக் கழஞ்சுக் கணக்கில் பொன், ஓர் இணைத் துணி. ஆண்டு முடிவில் கணக்கை ஒப்படைக்கும்போது பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்ய வேண்டும். அதில் தேறினால் மிச்சத்திலிருந்து பரிசு, தவறினால் அபராதம். கை சுடுவதற்கும் கூட்டல் சரியாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்று இன்று நமக்குத் தெரியும். ஊரார் நெல்லையும் பொன்னையும் எழுதுகிறவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லோர் முன்பும் நிற்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இன்றும் பழசாகவில்லை.

நெல்லே ஊதியமாக இருந்ததைச் சொற்களே காட்டும். கூலி என்பது தானியத்தைக் குறிக்கும் கூலத்திலிருந்து வந்தது என்பார்கள். சம்பளத்தை, சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்த சொல் என்று பள்ளி ஆசிரியர்கள் பிரித்துக் காட்டுவதுண்டு. சொல்லாய்வாளர்கள் எல்லோரும் இதை ஒப்புவதில்லை. வழிச்சோறு என்று பொருள்படும் சம்பலம் என்ற வடசொல்லைச் சுட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் உள்ளே நெல்வயலும், கடலோரம் கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளமுமாக இருந்த இந்தப் பகுதியில் அந்த விளக்கம் மனதில் ஒட்டிக்கொள்வது இயல்பு. படியில் சந்தேகமே இல்லை. நெல் அளக்கும் படிதான் பயணப்படியிலும் அகவிலைப்படியிலும் இருக்கிறது.

அந்தப் படியைக் கண்ணால் பார்க்க 18ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டும். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். நிலம், ஏரி, வீடு, விளைச்சல் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள்தான். அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே களத்துக் குவியலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்ற விவரமும் அந்தக் கணக்குகளில் உண்டு. கோயில், ஏரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், குயவர், வெட்டியான், அவர்களோடு கணக்குப்பிள்ளை. மேரை என்றும் சுதந்திரம் என்றும் அந்தப் பங்குகளுக்குப் பெயர். ஓர் ஊரின் முழுச் சம்பளப் பட்டியல் என்றே அதைச் சொல்லலாம். யாருக்கு முதல் பிடித்தம், யாருக்கு எத்தனை மரக்கால் என்பதெல்லாம் முன்பே எழுதி வைத்தது.

களத்துமேட்டில் அது நடந்த விதம் இப்படி. தூற்றி முடித்த நெல் குவியலாக நிற்கும். அளப்பவர் மரக்காலை அமுக்கி எடுத்துத் தலை தட்டிக் கொட்டுவார். முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பார். அதன்பின் இரண்டு, மூன்று என்று குரல் போகும். பக்கத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து கீறிக்கொண்டே வருவார். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நாற்பது கலக் குவியலில் ஒருவருக்கு மாகாணிப் பங்கு, அதாவது பதினாறில் ஒன்று என்றால், இரண்டு கலம் ஆறு மரக்கால். முந்திரிப் பங்கு, முந்நூற்று இருபதில் ஒன்று என்றால், ஒன்றரை மரக்கால், பன்னிரண்டு படி. அளப்பவர் அடுத்த மரக்காலை எடுப்பதற்குள் இது வாயில் வந்துவிட வேண்டும்.

அதற்கான பயிற்சி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. எண்சுவடியோடு பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற வாய்பாடுகள் உண்டு. பொன்னின் பின்னங்களையும் நெல்லின் அளவுகளையும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அதன்பின் அப்பாவோடும் சித்தப்பாவோடும் களத்துக்குப் போய்ப் பழகினார்கள். வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

சிக்கலும் அந்த வீட்டிலிருந்தே வந்தது. நிலத்தைப் போலக் கணக்கு வேலையும் மிராசாகி, தந்தைக்குப் பின் மகனுக்குப் போனது. உத்திரமேரூர்க் கணக்கர் ஒவ்வொரு முறையும் தம் தகுதியைச் சம்பாதித்தார். இவர்களுக்குப் பிறப்பே தகுதியானது. 1802இல் சென்னை அரசு கொண்டுவந்த 29ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கர்ணம் எனப்பட்ட ஊர்க் கணக்குப்பிள்ளையின் கடமைகளை வரையறுத்தது. பரம்பரை உரிமையைத் தொடவில்லை. 1895ஆம் ஆண்டுப் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம்தான் ஒரு கல்வித் தேர்வைக் குறுக்கே வைத்தது. வாரிசு சிறுவனாக இருந்தால் பெயரை மட்டும் பதிந்துகொண்டு வேறொருவரை அமர்த்துவார்கள். அவன் மேஜரான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் தகுதி பெற வேண்டும். கர்ணத்தின் மகனுக்கும் தேர்வு உண்டு என்று ஆனது. ஆனால் கர்ணத்தின் மகனுக்குத்தான் தேர்வு என்பதும் அப்படியே நின்றது.

அதை உடைத்தது அரசியல் சட்டம். குண்டூர்ப் பகுதியைச் சேர்ந்த கஜுலா தசரத ராமா ராவ் வழக்கில், கிராமப் பதவியைப் பரம்பரைக்கென்று ஒதுக்குவது 16ஆவது பிரிவுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சென்னை மாநிலத்தில் 1968இல் பரம்பரைப் பதவிச் சட்டம் நீக்கப்பட்டது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் பதவிகளையே எடுத்துவிட்டது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசின் முடிவு நிலைத்தது. தேர்வாணையத் தேர்வெழுதிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதற்குள் ஊதியக் கணக்கு களத்துமேட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

அது போன இடம் ஆலைகளும் அலுவலகங்களும். 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனம் ஏழாம் தேதிக்குள்ளும் பெரியது பத்தாம் தேதிக்குள்ளும் கூலி தர வேண்டும் என்றது. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டமும் 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் வந்தன. மறைமலை நகரிலும், மகேந்திரா வேர்ல்ட் சிட்டியிலும், மாமல்லபுரம் போகும் வழியில் சிறுசேரியிலும் சம்பளம் போடுகிறவர்கள் இத்தனையையும் தலையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, 'ஊதியம்' என்ற சொல்லின் வரையறையையே அவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

தனியார் நிறுவனத்தில் சம்பளம் போட இந்தியாவில் சட்டப்படி எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. இது ஒரு குறையே. அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய சம்பளக் கணக்கர் சங்கம் தேர்வு வைத்து 'சி.பி.பி.' பட்டம் தருகிறது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும் வேலைச் சந்தையில் அதற்கு மதிப்பு உண்டு. அது ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் 120 மணி நேரப் பயிற்சி பெற்றதைக் காட்ட வேண்டும். முடியாதவர் தேர்வை மறுபடி எழுத வேண்டும். உத்திரமேரூர் ஒருவர் எழுதிய கணக்கைச் சோதித்தது. இது அவருடைய அறிவு இன்னும் பழசாகவில்லையா என்று சோதிக்கிறது. பரம்பரைக் காலம் இரண்டையும் கேட்கத் தவறியது. தொழிலாளியின் மாதச் சம்பளம் இன்னொருவர் விரல்நுனியில் இருக்கும்போது இரண்டுமே தேவை.

தமிழக அரசு அலுவலகங்களில் இதற்கு நெருங்கி வருவது 'அக்கவுண்ட் டெஸ்ட்'. தேர்வாணையம் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை துறைத் தேர்வுகளை நடத்துகிறது. விதிப் புத்தகங்களைத் தேர்வறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்து எழுதும் தாள்களும் உண்டு. புத்தகம் கையில் இருப்பதால் எளிது என்று நினைத்துப் போகிறவர்கள், எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தெரியாமல் திணறுவார்கள். பல பதவி உயர்வுகள் அந்தத் தேர்ச்சியை ஒட்டியே நிற்கின்றன.

பில் கிளார்க் கையால் எழுதிய சம்பளப் பட்டியல் இப்போது கணினிக்குப் போய்விட்டது. கருவூலத் துறையின் செயலியைத் திறந்து, செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்து இளநிலை உதவியாளர் தம் மாதச் சீட்டைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அடிப்படை ஊதியத்துக்குக் கீழே அகவிலைப்படி இருக்கும். அந்தச் செயலிக்குக் 'களஞ்சியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.