தடம் இல்லாத நாட்டின் சறுக்கு வீரர்

எங்க ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தென்னை மட்டை விழுந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஒருத்தனை ஓலை மேல் உட்கார வைத்து, மட்டையைப் பிடித்து இன்னொருத்தன் தெருவில் தரதரவென்று இழுப்பான். திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் "ஏல, ஆள் மேல மோதாதீங்கல" என்று சத்தம் போடுவார்கள்.

பாப்ஸ்லெட், ஸ்கெலிட்டன் உலக சாம்பியன்ஷிப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, அந்த விளையாட்டின் தொடக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் என்று தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊருக்குக் குளிர்காலத்தில் வந்து தங்கிய ஆங்கிலேயர்கள், பொழுது போகாமல் சறுக்குவண்டியில் ஏறி ஊர்த் தெருக்களில் இறங்கினார்கள். நடந்து போகிறவர்கள் மேல் மோதினார்கள். ஊரில் புகார். ஹோட்டல் முதலாளி பாட்ருட் குடும்பத்துக்கோ விருந்தாளிகளையும் இழக்க மனமில்லை. தெருவை விட்டு விலக்கி, தனியாக ஒரு தடம் அமைக்க வழி செய்தார்கள். 1884-85 குளிர்காலத்தில் உருவான கிரெஸ்டா தடம் இன்றைக்கும் இருக்கிறது.

முதலில் மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். பாப்ஸ்லெட்டில் இரண்டு பேரோ நான்கு பேரோ ஓடிவந்து வண்டியைத் தள்ளி உள்ளே குதிப்பார்கள். பெண்களுக்கு ஒருவர் மட்டும் ஓட்டும் பிரிவும் உண்டு. ஸ்கெலிட்டனில் ஒருவர் குப்புறப் படுத்து, தலை முன்னால் இருக்க இறங்குவார். லூஜில் மல்லாந்து படுத்து, கால் முன்னால். முதல் இரண்டுக்கும் 1923-இல் பாரிஸில் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. பாப்ஸ்லெட் உலக சாம்பியன்ஷிப் 1930-இல் தொடங்கியது. லூஜுக்குத் தனிக் கூட்டமைப்பு. ஆனால் மூன்றும் ஓடுவது பெரும்பாலும் ஒரே தடங்களில்.

இந்த விளையாட்டின் வரலாறு வீரர்களின் வரலாறு என்பதைவிடத் தடங்களின் வரலாறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்கெலிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் ஒலிம்பிக்கில் இருந்தது. அப்புறம் 1948-இல் இருந்தது. இரண்டும் செயின்ட் மோரிட்ஸில் நடந்த ஒலிம்பிக். கிரெஸ்டா தடம் அங்கேதானே இருக்கிறது! அமெரிக்காவின் ஜான் ஹீட்டன் இரண்டு முறையும் வெள்ளி வென்றார், இருபது வருட இடைவெளியில். அதற்குப் பிறகு 2002 வரை, 54 வருடங்கள், ஒலிம்பிக்கில் ஸ்கெலிட்டனே கிடையாது. 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் பாப்ஸ்லெட் போட்டியே நடக்கவில்லை. காரணம், தடம் கட்டச் செலவழிக்க முடியாது என்று அமைப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"இந்தியாவில்தான் இமயமலை இருக்கிறதே" என்று கேட்கலாம். இந்தத் தடங்களுக்குத் தேவை மலைப்பனி இல்லை. கான்கிரீட்டில் ஓடைபோல வளைத்துக் கட்டி, அடியில் குளிரூட்டும் குழாய்களைப் பதித்து, மேலே பனிக்கட்டியை உறைய வைக்க வேண்டும். இயற்கைப் பனியால் வருடாவருடம் கட்டப்படும் செயின்ட் மோரிட்ஸின் பாப்ஸ்லெட் தடம் பெரிய போட்டிகள் நடப்பவற்றில் விதிவிலக்கு. குளிரூட்டிய தடங்கள் உலகம் முழுக்க இருபதுக்கும் குறைவு. பணக்கார நாடுகளே தடுமாறுகின்றன. 2006 டுரின் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய தடம் சில வருடங்களிலேயே மூடப்பட்டது. ஜப்பானின் நாகானோ தடத்தில் 2018-க்குப் பிறகு பனி உறைய வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நாகானோவில்தான் 1998-இல் இந்தியாவின் முதல் லூஜ் ஒலிம்பிக் வீரர் இறங்கினார். சிவ கேசவன், வயது 16. அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலி நாட்டவர், வளர்ந்தது மணாலி. ஆஸ்திரியாவின் குந்தர் லெம்மரர் இந்தியாவில் நடத்திய முகாமில்தான் இந்த விளையாட்டு அவருக்கு அறிமுகம். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் ஜமைக்கா அணி பாப்ஸ்லெட் ஓட்டியதை வைத்து எடுத்த ஹாலிவுட் படத்தை அந்த முகாமில் போட்டுக் காட்டினார்களாம்.

அதன் பிறகு பயிற்சிக்கு என்ன செய்வது? நாட்டில் தடம் இல்லை. வண்டிக்குச் சக்கரம் மாட்டி இமயமலைத் தார்ச்சாலையில் இறங்கினார். லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே அவர் மல்லாந்து படுத்து வரும் வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெருவில் இருந்து விரட்டியதால் தடத்துக்குப் போன விளையாட்டை, தடம் இல்லாததால் அவர் மறுபடி தெருவுக்கே கொண்டுவந்தார்.

1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக். அவர் பெற்ற இடங்கள்: 28, 33, 25, 29, 37, 34. பட்டியலாகப் பார்த்தால் சாதாரணம். ஆனால் லூஜில் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு மில்லிநொடியைக் குறைக்க எத்தனை நாள் ஆகும் என்று ஓரளவு தெரியும். ஒவ்வொரு வளைவிலும் எப்போது தோளை அழுத்த வேண்டும் என்பது நூற்றுக்கணக்கான முறை இறங்கினால்தான் உடம்பில் பதியும். சொந்தத் தடம் உள்ள ஜெர்மானியருக்கு அது பள்ளிக்கூட வயதிலேயே கிடைக்கிறது. தார்ச்சாலையில் அந்த வளைவு கிடையாது. அப்படியிருந்தும் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 2011, 2012 இரண்டு வருடமும் தங்கம் வென்றார்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது 2014 சோச்சி. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் விவகாரத்தால் சர்வதேச ஒலிம்பிக் குழு 2012 டிசம்பரில் அதை இடைநீக்கம் செய்திருந்தது. சோச்சி தொடக்க விழாவில் மூன்று இந்திய வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். பயிற்சி ஓட்டம் ஒன்றில் சிவ கேசவன் வண்டியிலிருந்து தவறி, சறுக்கியபடியே மறுபடி அதில் ஏறிக்கொண்டார். பிப்ரவரி 8, 9 தேதிகளில் அவருடைய போட்டி முடிந்தது. பிப்ரவரி 11-இல் தடை நீங்கியது. மற்ற இரண்டு வீரர்களும் இந்தியக் கொடியின் கீழ் போட்டியிட்டார்கள். இவருக்கு மட்டும் இரண்டே நாளில் தவறிப்போனது. அந்த வருடத்துப் போட்டி முடிவில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நாடு இல்லை. இத்தாலி அணிக்கு வரச் சொல்லி அழைத்தபோது, இந்தியாவுக்குத்தான் ஆடுவேன் என்று மறுத்தவர் அவர்.

2020-இல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர், பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான். லூஜில் யாரும் இல்லை. ஒரு மனிதர் இருபது வருடம் தனியாக இறங்கிக் காட்டியதை, அவருக்குப் பின் தொடரச் செய்ய ஒரு விருது போதாது. அதற்கு ஒரு தடம் வேண்டும், அதைக் கட்டிக் காக்கும் ஒரு நல்ல சங்கமும் வேண்டும்.