துண்டுக்குள் ஒரு விலை

எங்கள் அப்பா ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். 1980களின் கடைசியில் வாங்கியது. விற்றவர் 300 ரூபாய் கேட்டார். அப்பா 200ல் ஆரம்பித்தார். பெல் அடிக்கவில்லை, சீட் கிழிந்திருக்கிறது, பின்சக்கரத்தில் கோட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய் 240க்கு முடித்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவருடைய சாமர்த்தியம் பெருமையாக இருந்தது.

பல வருஷங்கள் கழித்து, அந்தச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "இதுல அறுபது ரூபாய் கடன் நிக்குதுடா. அது முந்நூறு பெறும். எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே பணம் வேணும். அதுவும் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

போன வருஷம் என் அக்கா மகன் ஒரு பந்தயச் சைக்கிள் வாங்கவேண்டும் என்று வந்தபோது எனக்கு இது ஞாபகம் வந்தது. 'ரோடு பைக்' என்கிறார்கள். கார்பன் நாரினால் செய்த பிரேம். ஒரு கையால் தூக்கிவிடலாம். புதிதாக வாங்கினால் லட்சங்களில் விலை. அடையாறில் ஒரு வீட்டில் பழையது ஒன்று விலைக்கு இருக்கிறதாம், 1,10,000 கேட்கிறார்களாம். "மாமா, நீங்கள் வந்தால் பேரம் படியும்" என்றான். அப்பாவின் சாமர்த்தியம் எனக்கு இறங்கியிருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

ஒரு சரக்கை விலை பேசப் போகுமுன் அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்வது என் பழக்கம். நடுவில் ஒரு வாரம் இருந்தது. படித்தேன். சைக்கிளின் சரித்திரத்தில் பாதி, விலையின் சரித்திரம்தான் என்று தெரிந்தது.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டது என்ன, கொடுத்தது என்ன என்று சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. அடுத்த மாட்டுக்கு அடுத்த விலை. இதற்கு நேர் எதிரானது கறார் விலை. அதுவும் இன்று நேற்று வந்ததல்ல. ஜப்பானில் எடோ நகரத்தில் மிட்சுயி தகதோஷி என்ற வியாபாரி 1673ல் ஒரு துணிக்கடை திறந்தார். ரொக்கம் கொடு, சொன்ன விலைதான், ஏற்றிச் சொல்வதும் இல்லை, இறக்குவதும் இல்லை என்று அறிவித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் குவேக்கர் சமயத்தார், ஒரு விலையை வாயால் சொல்லிவிட்டு வேறு விலைக்கு இறங்குவது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதினார்கள். குழந்தை வந்தாலும் கிழவர் வந்தாலும் ஒரே விலை என்பது ஒரு தர்மமாகத்தான் பிறந்தது.

அந்தத் தர்மத்தைச் சைக்கிளுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் கர்னல் ஆல்பர்ட் போப். பாஸ்டன்காரர். 1876ல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த சைக்கிள்களைப் பார்த்தார். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் முழங்கால் உயரம் என்றிருந்த வண்டிகள். மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். 1878ல் ஹார்ட்போர்டு நகரத்தில் இருந்த வீட் தையல் இயந்திரக் கம்பெனிக்குப் போய், 50 வண்டிகள் செய்து தரச் சொன்னார். 'கொலம்பியா' என்று பெயர். அதே ஊரில் குடியிருந்த மார்க் ட்வெயின்கூட அந்த வண்டியில் ஏறக் கற்றுக்கொண்டு விழுந்து எழுந்திருக்கிறார்.

போப் நல்ல வண்டி செய்தார். உருக்கையும் குழாய்களையும் சோதித்துப் பார்க்கத் தொழிற்சாலையிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். துப்பாக்கி செய்கிற நேர்த்தியோடு உறுப்புகளை அடித்து உருவாக்கிக் கடைந்து எடுத்தார்கள். விலையும் அதற்கேற்றபடி. 1894ல் 125 டாலர். 1895ல் 100 டாலர். அந்த நாளில் அமெரிக்க ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டு முழுவதும் உழைத்தால் 400, 500 டாலர் கிடைக்கும். மூன்று மாதச் சம்பளம் ஒரு சைக்கிளுக்கு! 1896ல் வந்த விளம்பரங்கள் இந்த நூறு டாலரை ஒரு குறையாகச் சொல்லவில்லை. யாருக்கும் நூறு, எல்லாருக்கும் நூறு என்று பெருமையாகவே சொல்லின.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நூறு டாலருக்குள் என்னென்ன இருந்தது? உருக்கு இருந்தது, உழைப்பு இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது. விளம்பரம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரரின் கதைக்குப் போகவேண்டும்.

பியர் லால்மான் என்று ஒரு தொழிலாளி. 1843ல் பிறந்தவர். காலால் உந்தித் தள்ளும் இருசக்கர வண்டிக்கு முன்சக்கரத்தில் பெடல் வைத்தால் தரையில் கால் படாமலே போகலாம் என்பதைச் செய்துகாட்டியவர்களில் ஒருவர். அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூஹேவன் நகரத்தில் ஓட்டிக் காட்டி, 1866 நவம்பரில், ஜேம்ஸ் காரல் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு பேடண்ட் உரிமை வாங்கினார். தயாரிக்க ஆள் கிடைக்கவில்லை. ஊர் திரும்பினார். உரிமையும் விலைபோயிற்று. கை மாறிக் கை மாறி அது போப்பிடம் வந்து சேர்ந்தது. அதையும் மற்றப் பேடண்டுகளையும் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் வேறு யார் சைக்கிள் செய்தாலும் வண்டிக்கு இவ்வளவு என்று போப் வசூல் செய்தார். லால்மான் பிற்காலத்தில் மறுபடியும் அமெரிக்கா வந்து போப்பின் கம்பெனியிலேயே வேலை பார்த்தார். பேடண்ட் வழக்கில் போப்புக்காகச் சாட்சியும் சொன்னார். 1891ல் பாஸ்டனில், பெயர் தெரியாத மனிதராக, 47வது வயதில் காலமானார்.

கடையில் தொங்கிய விலைச்சீட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சீட்டும் ஒரு துண்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே எந்த விரலை யார் பிடித்தார்கள் என்பது வெளியே தெரியவில்லை.

துண்டு 1897ல் விலகியது. சிகாகோவில் வெஸ்டர்ன் வீல் வொர்க்ஸ் போன்ற கம்பெனிகள், உருக்கை அடித்துக் கடைவதற்குப் பதிலாக, தகட்டை அச்சில் வைத்து அழுத்தியே பல உறுப்புகளைச் செய்துவிட்டன. செலவு குறைந்தது. அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்து லட்சம் என்கிற அளவுக்கு வண்டிகள் வந்து குவிந்தன. வாங்க ஆள் போதவில்லை. கொலம்பியாவின் விலை நூறிலிருந்து 75க்கு இறங்கியது. இப்போது எல்லாருக்கும் 75! முந்தின வருஷம் நூறு கொடுத்தவன் வண்டியை நிறுத்திவிட்டு என்ன நினைத்திருப்பான்? வேறு கம்பெனிகளின் வண்டிகள் அதில் பாதிக்கும் கீழே கிடைத்தன. விலை சரிவதைத் தடுக்க 1899ல் பல கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்கன் பைசிக்கிள் கம்பெனி என்று ஒரு கூட்டு வைத்தன. 1902ல் அது கோர்ட்டார் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிற்று.

ஆனால் அதே 1897ல் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில், ஆணி செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ் என்பவர் ஒரு பேடண்ட் வாங்கினார். சைக்கிள் பிரேமின் குழாய்க்கு ஒட்டுப்போடுகிற இரண்டு நுனிகளில்தான் கனம் வேண்டும், நடுவில் மெலிந்திருக்கலாம். வெளியே பார்த்தால் ஒரே பருமன். உள்ளே மட்டும் வித்தியாசம். வண்டி லேசாகும், பலம் குறையாது. இதே கம்பெனி 1935ல் கொண்டுவந்த '531' என்ற உருக்குக் குழாய் பந்தயக்காரர்கள் நடுவே வெகுகாலம் கொடிகட்டிப் பறந்தது. 1986ல் கிரெக் லெமாண்ட் கார்பன் பிரேமில் பிரான்ஸ் நாட்டுப் பெரும் பந்தயத்தில் ஜெயித்த பிறகு, உருக்குக்கு இறங்குமுகம் ஆயிற்று.

ஒரே வருஷத்தில் ஓர் ஊரில் விலை பொய் என்று தெரிந்தது; இன்னோர் ஊரில் விலைக்கு மெய்யான காரணம் ஒன்று பிறந்தது. விலையுயர்ந்த சைக்கிளில் இரண்டும் கலந்தே இருக்கும். பிரித்துப் பார்ப்பதுதான் பேரம் என்று நான் புரிந்துகொண்டேன். குறை சொல்லி மட்டம் தட்டுவது பேரம் அல்ல.

பழைய வண்டியில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். லண்டனில் 1868ல் ஆரம்பித்த 'பஜார், எக்ஸ்சேஞ்ச் அண்டு மார்ட்' என்ற பத்திரிகை, முன்பின் தெரியாதவர்கள் பழைய சாமான்களை விற்று வாங்க ஒரு வழி செய்தது. வாங்குகிறவர் பணத்தைப் பத்திரிகைக் காரியாலயத்தில் கட்டிவிடுவார். சாமான் வீட்டுக்கு வரும். பார்த்துத் திருப்தி என்றால்தான் பணம் விற்றவருக்குப் போகும். 1970ல் ஜார்ஜ் அகெர்லாப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது நல்ல சரக்கே சந்தையைவிட்டுப் போய்விடும் என்று காட்டினார். 2001ல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்னது, விற்பவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும் நிலை. அடையாறில் அது தலைகீழாக இருந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சைக்கிள் அவருடைய பையனுடையது. அவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். வந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறான். அவரிடம் கடை ரசீது ஒன்று இருந்தது. 2,40,000. அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

நான் ஓர் அடிக்கோல் கொண்டுபோயிருந்தேன். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். தேயத் தேய நீளும். 12ஐத் தாண்டி அரைக்கால் அங்குலம் போய்விட்டால் செயின் மட்டுமல்ல, பின்னாலிருக்கும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அளந்தேன். அரைக்கால் தாண்டியிருந்தது. டயர் இரண்டும் வெடித்திருந்தன. கோலை அவர் கையிலேயே கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னேன். மாற்றுகிற செலவு 12,000 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நியாயம்தான்" என்றார். 98,000 என்று படிந்தது.

அப்போது அக்கா மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "மாமா, சக்கரம் ரெண்டும் வண்டியோட வந்தது இல்லை. அந்தப் பையன் தனியா வாங்கிப் போட்டிருக்கான். பழசா வித்தாலே அது மட்டும் அறுபதாயிரம் போகும். இவருக்குத் தெரியலை. பேசாம இருங்க."

நான் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செயின் தேய்ந்ததை அளந்து சொன்னவன், சக்கரம் உயர்ந்தது என்பதை மட்டும் எப்படி விழுங்குவது? அந்தத் தாளில் நான் எழுதியதெல்லாம் மெய்தான். ஆனால் பாதி மெய். அப்பா சொன்ன பெல்லும் சீட்டும் கோட்டமும்கூட மெய்தானே.

உள்ளே போய்ச் சொன்னேன். ஆசிரியர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது, தம்பி. எவ்வளவு சேர்க்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று அவனிடம் விட்டுவிட்டார். தெரிந்தவன் அவன்தான், அவன்தான் சொல்லியாகவேண்டும். வெகுநேரம் அவன் பேசவில்லை. கையில் கொண்டுவந்திருந்த பணம் 1,10,000 என்பது எனக்குத் தெரியும்.

"முப்பதாயிரம் சேர்த்துக்குங்க சார்" என்றான் கடைசியில்.

குறைந்த 18,000ஐ நான் கொடுத்தேன். திரும்பி வரும்போது, "உங்களைக் கூட்டிட்டுப் போனதுல எனக்கு நஷ்டம் மாமா" என்றான். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இப்போது தினமும் விடியற்காலையில் மகாபலிபுரம் சாலையில் போய் வருகிறான்.

எனக்கு இன்னும் 9,000 வரவேண்டியிருக்கிறது. கொடுத்துவிடுவான். அப்பாவின் அறுபது ரூபாய்தான் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நிற்கிறது.