அச்சு முறுக்கு வந்த வழியும் நம்ம கைக்கூலியும்



நம்ம பக்கம் மார்கழி இனிப்பு மாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி 27, கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் மணக்கும். டிசம்பர் 25-ம் அதே மார்கழியில்தான் வருது. செண்பகத்தோப்பு போற வழியில் நட்சத்திரம் தொங்குற வீடுகளில் அச்சு முறுக்கும் கல்கலும் வேகும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சதும் நம்ம ஊர் பால்கோவா பேரு பேப்பரில் எல்லாம் வந்தது. வீட்டு அடுப்பில் செய்ற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கும் பெரிய வரலாறு இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுறேன்.

நீளக் கம்பி முனையில் பூப்போல இருக்கிற அந்த அச்சு கடல் கடந்து வந்தது. சுவீடன், நார்வே நாடுகளிலும் இதே மாதிரி அச்சை மாவில் முக்கி, பொரிச்சு, கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடுவாங்க. இலங்கையில் இதுக்குப் பேரு கொக்கிஸ். பிஸ்கட்டைக் குறிக்கிற டச்சுச் சொல்லில் இருந்து வந்த பேரு அது. டச்சுக்காரர்கள் 1658-ல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியரிடம் இருந்து பிடித்தவர்கள். இலங்கையில் இன்னைக்கும் சிங்களவரும் தமிழரும் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் சுடுறாங்க. ஒரு இடத்தில் கிறிஸ்துமஸ் பலகாரம், இன்னொரு இடத்தில் வருசப்பிறப்புப் பலகாரம்!

கல்கலும் அப்படித்தான். கோவா கிறிஸ்தவ வீடுகளில் அதுக்குப் பேரு குல்குல். மைதா உருண்டையைப் புதுச் சீப்பிலோ முள்கரண்டி முதுகிலோ அழுத்திச் சுருட்டுறது. நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தோ முழுக்க நம்ம சரக்கு. வறுத்த பாசிப்பயறு, தேங்காய், கருப்பட்டி அல்லது வெல்லம்.

அச்சு வெளியே இருந்து வந்தாலும் மாவு நம்ம மாவு. அங்கே கோதுமை மாவும் பசும்பாலும். இங்கே பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் எள்ளும். இந்த மாற்றத்தைச் செஞ்சது அடுப்படியில் நின்ன பெண்கள்தான். அவங்க பேரு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்க வீட்டுக் கணக்கு இது: ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு மூணு முட்டை, 350 கிராம் சீனி, ரெண்டு தேங்காயின் பால், கொஞ்சம் எள்ளு, உப்பு. தோசை மாவுப் பதம். புது அச்சுன்னா முதல்நாள் ராத்திரியே எண்ணெயில் ஊறப்போடணும். பொரிக்கும்போது அச்சு சூடு பத்தலைன்னா மாவு ஒட்டாது. சூடு கூடினா மாவு வழுக்கி விழுந்திடும். முக்கால்வாசிதான் முக்கணும். முழுசா முக்கினா மேலே மாவு மூடிக்கிட்டு, முறுக்கு கழலவே கழலாது. இந்தப் பக்குவத்தை எந்த மிஷினும் எனக்குச் சொல்லித் தரலை. எங்க அம்மாவும் மதினியும்தான் சொல்லித் தந்தாங்க.

அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒண்ணு ரெண்டு அச்சுதான் இருக்கும். இன்னைக்கு எங்க வீடு, நாளைக்கு உங்க வீடுன்னு முறை வச்சுச் சுட்டோம். ஒருத்தி மாவு கரைக்க, ஒருத்தி முக்க, ஒருத்தி எண்ணெய் வடிய வைக்க. சுட்டதைக் கோயில், பள்ளிவாசல் போற வீடுகளுக்கும் தட்டில் வச்சுக் கொடுத்தோம். தீபாவளிக்கு அங்கே இருந்து அதிரசம் வரும். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கினதாச் சொல்றோம். பேரு இல்லாத குழு அதுக்கு முன்னாலயே நம்ம அடுப்படியில் இருந்திருக்கு.

இப்போ டிசம்பர் ஆனா நமக்கு ஆர்டர் வருது. சந்தோசம்தான். ஆனா விலை பேசும்போது அரிசி, எண்ணெய், முட்டைக்குத்தான் கணக்குப் போடுறோம். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்றதுதானே"ன்னு கடைக்காரர் ஒருத்தர் என்கிட்டயே சொன்னார். ஒரு கிலோ மாவை முறுக்காக்க ரெண்டு பேருக்கு அரை நாள் ஓடிரும். புகையிலும் சூட்டிலும் நிக்கிறோம். நூறு நாள் வேலைக்குக் கூலி உண்டு, இதுக்கு இல்லையா?

பக்கத்து வீட்டுக்குத் தட்டில் வச்சுக் கொடுக்கிறது அன்பு. அதுக்கு விலை கிடையாது. கடைக்குக் கொடுக்கிறது தொழில். அதனால வர்ற டிசம்பர் ஆர்டருக்கு, நம்ம குழுப் பதிவேட்டில் அரிசி, எண்ணெய், விறகுன்னு எழுதுற வரிசையில் "கைக்கூலி"ன்னும் ஒரு வரி எழுதுவோம். அந்த வரியைச் சேர்த்த பிறகே விலை சொல்லுவோம்.