மூன்று கட்டுகளை ஒரு கட்டாக்கிய கதை

கோப்பு என்ற சொல் கோத்தலிலிருந்து வந்தது. பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம், அதேபோல் தாளையும் கோத்தோம். ஆங்கிலத்தின் ஃபைல் என்ற சொல்லுக்கும் மூலம் நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்தான். நம் ஓலைச்சுவடியும் துளையிட்டுக் கயிற்றில் கோத்ததே. சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு சொல்லும் பழக்கம்: தோசியே. அதில் ‘தோ’ என்றால் முதுகு. கட்டின் முதுகில் சீட்டு ஒட்டி, உள்ளே இருப்பது என்ன என்று எழுதி வைத்ததால் வந்த பெயர்.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கட்டுகள் தாமதமாகத்தான் வந்தன. கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் ஏற்பாட்டை மல்டிக்ஸ் என்ற அமைப்புக்காக 1965ல் எழுதி வைத்தார்கள். ஆனால் 1981ல் வந்த முதல் எம்.எஸ். டாஸில் அது கிடையாது. எல்லாக் கோப்பும் ஒரே குவியல். 1983ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உள் அறைகள் வந்தன. 1984ல் வந்த மெக்கின்டோஷ் இன்னும் வேடிக்கை. திரையில் அழகான உறைப் படம் தெரியும். உள்ளே பார்த்தால் அத்தனையும் ஒரே பட்டியலில் கிடக்கும். அடுத்த ஆண்டுதான் நிஜ உறை வந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரே விஷயமாக இரண்டு மூன்று மனுக்கள் தனித்தனிக் கோப்பாக ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றாக இணைப்போம். டேக்கை அவிழ்த்து மறுபடி கட்டினால் முடிந்தது என்று புதிதாக வருகிற இளநிலை உதவியாளர் நினைப்பார். அப்படியல்ல. தேதி வரிசைப்படி அடுக்க வேண்டும், பக்க எண் மாற்ற வேண்டும், இந்த எண் அந்த எண்ணோடு சேர்ந்தது என்று தன்பதிவேட்டில் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிற மனுதாரருக்குக் கோப்பு காணாமல் போனது போலத்தான். அதோடு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எத்தனை காலம் வைத்திருப்பது என்ற கணக்கு வேறு. ஓராண்டில் கழிக்க வேண்டியதும் நிரந்தரமாக வைக்க வேண்டியதும் ஒரே கட்டில் சேர்ந்தால் எதைக் கழிப்பது?

இதே சிக்கல் பிரான்சின் ஆவணக் காப்பகங்களிலும் இருந்தது. பல அலுவலகங்களின் தாள்களைப் பொருள்வாரியாகக் கலந்து அடுக்கியதில், எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போயிற்று. 1841 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. எழுதியவர் நத்தாலிஸ் தெ வைய்யி. ஓர் அலுவலகத்திலிருந்து வந்த தாள்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும், மற்றதோடு கலக்கக் கூடாது என்பது சாரம். ‘ரெஸ்பெ தெ ஃபோன்’ என்ற பெயரில் இன்றும் உலகக் காப்பகங்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஒரு குமாஸ்தா எழுதுகிற மாதிரியான சுற்றறிக்கை. எனக்கு அதில் ஒரு பெருமை.

இவ்வளவும் தெரிந்த நான் போன வருஷம் என்ன செய்தேன்? பழைய கேமரா, புதுக் கேமரா, செல்போன் மூன்றின் படங்களும் மூன்று கோப்புறைகளில் இருந்தன. ‘குடும்பம்’ என்று ஒன்று உண்டாக்கி, வரிசையாக வெட்டி ஒட்டினேன். கேமராக்கள் படத்துக்கு நான்கு இலக்க எண்தான் போடும். 0001ல் தொடங்கி 9999 வரை. இரண்டும் ஒரே கம்பெனிக் கேமரா, ஆகவே முன்னெழுத்தும் ஒன்றே. ஒரே பெயரில் ஏற்கனவே கோப்பு இருக்கிறது, மாற்றிவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கேட்கத்தான் செய்தது. புதியதுதானே நல்லது என்று ‘ஆம்’ போட்டேன். அப்படி மேலெழுதியது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அக்காவை மருதாநதி அணைக்கும், அங்கிருந்து தாண்டிக்குடிக்கும் கூட்டிப்போன நாளில் எடுத்த படங்கள் பழைய கேமராவில் இருந்தவை. மூன்று வாரம் கழித்து அக்கா தவறிவிட்டார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அத்தான் கேட்டபோது தேடினேன். 0112ஐத் திறந்தால் பக்கத்து வீட்டுக் காதுகுத்து. 0113ல் பந்திப் பாத்திரங்கள்.

அக்கா ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கித்தான் கடைசியில் மாட்டினோம்.

இப்போது ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் முன்னால் ‘ப’, ‘பு’, ‘செ’ என்று எழுதுகிறேன். பழையது, புதியது, செல்போன். இன்னும் ஆயிரத்துக்கு மேல் பாக்கி.